எட்டு போடாமல் ஏறாதே!

இரு சக்கர வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கப் போன நாளை நினைத்துப் பார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டு வடிவத்தில் ஒரு தடம். அதில் காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். கால் பட்டதா? போய்ப் பழகிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நூறு சிசி வண்டிக்கே அவ்வளவு கெடுபிடி.

பங்குச் சந்தைக்குள் நுழைய என்ன கேட்கிறார்கள்? பான் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு, ஒரு செல்ஃபி. படுக்கையில் சாய்ந்தபடியே டிமேட் கணக்கு தொடங்கிவிடலாம். உனக்கு எட்டு போட வருமா என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

அப்படி நுழைந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போன தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் பணத்தை இழந்தார்கள். எல்லாருடைய நஷ்டத்தையும் கூட்டினால் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு இது. அந்தக் கூட்டத்தில் நாலில் மூன்று பேருக்கு மேல் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்று எழுதிக் கொடுத்தவர்கள். 2023-24-இல் நூற்றுக்கு 43 பேர் முப்பது வயதைத் தொடாதவர்கள். என் நெஞ்சைச் சுடுவது இன்னொரு வரி. இரண்டு ஆண்டு தொடர்ந்து தோற்றவர்களிலும் நாலில் மூன்று பேருக்கு மேல் விடாமல் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளும் அந்த 93-இல் இருக்கிறார்கள். கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் கடையில், பக்கத்து மேஜைத் தம்பிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “இந்த வாரம் எக்ஸ்பைரிடா. அம்பதாயிரம் போட்டிருக்கேன். பர்சனல் லோன்தான். ஒரு டெலகிராம் சேனல்ல சொன்னாங்க.” இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவன் கண் போனை விட்டு எழவில்லை. ராஷ்பிகாரி அவென்யூவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. திட்டுவதற்காக அல்ல. தம்பி, உனக்குத் தைரியம் இருக்கிறது, துடிப்பு இருக்கிறது, கணக்கும் வரும். ஆனால் நீ இன்னும் எட்டு போடவில்லையே என்று சொல்வதற்காக.

அன்று சொல்லாமல் வந்ததை இன்று உனக்குச் சொல்கிறேன். சந்தையை விட்டு ஓடு என்று சொல்ல வரவில்லை. ஓடினவன் என்றைக்கும் திரும்ப மாட்டான். பிறகு யாராவது ‘மாதம் மூணு பர்சென்ட்’ என்று கதவைத் தட்டினால் அவனிடம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு நிற்பான். நான் சொல்வது வேறு. உன் நண்பர்கள், உன் சங்கத்துப் பிள்ளைகள், உன் குடியிருப்பு இளைஞர்கள் என இருபது பேரைச் சேர். காகிதப் பணத்தில் ஒரு சந்தையை நீயே கட்டு. அங்கே தோற்றுப் பழகு!

சிரிக்கிறாயா? கொஞ்சம் என்னோடு நடந்து வா.

டல்ஹவுசி சதுக்கத்தில் ரைட்டர்ஸ் பில்டிங்கின் பின்பக்கம் போனால் லயன்ஸ் ரேஞ்ச். 1777-இல் ரைட்டர்ஸ் பில்டிங்கை எழுப்பிய தாமஸ் லயனின் பெயரைத் தாங்கிய தெரு. ஏழாம் எண் கட்டடம்தான் கல்கத்தா பங்குச் சந்தை. 1830-களில் இந்த ஊர்த் தரகர்கள் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுதான் பங்கு விற்றார்கள், வாங்கினார்கள். கூரை கிடையாது. 1908-இல் சங்கம் ஆனார்கள். 1928-இல் இந்தக் கட்டடம் எழுந்தது. ஒரு காலத்தில் நாட்டில் மும்பைக்கு அடுத்த பெரிய சந்தை என்று பெயர் வாங்கியது. சணல், தேயிலை, நிலக்கரி என்று வங்காளத்துத் தொழில்களின் பங்குகளுக்கு இங்கேதான் விலை பிறந்தது.

இன்று அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று பார். 2013 ஏப்ரலிலேயே வர்த்தகத்தை செபி நிறுத்திவிட்டது. கோர்ட்டில் வருடக்கணக்காக வழக்காடிப் பார்த்தவர்கள், 2025-இல் உரிமத்தையே திருப்பிக் கொடுத்து வெளியேற விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டுக் காளி பூஜையை, சந்தையாக இருந்து கொண்டாடும் கடைசிப் பூஜை இதுவாகத்தான் இருக்கும் என்ற நினைப்போடு கொண்டாடினார்கள். நம் மெட்ராஸ் பங்குச் சந்தை இவர்களுக்குப் பத்தாண்டு முன்னால், 2015-லேயே கடையைக் கட்டிவிட்டது.

கல்கத்தா சந்தையின் முதுகெலும்பு முறிந்தது 2001 மார்ச்சில். மும்பைத் தரகர் கேதன் பரேக் தூக்கிப் பிடித்த பங்குகளை இங்கிருந்த சில தரகர்கள் தங்கள் சக்திக்கு மீறிச் சுமந்தார்கள். கையில் இருந்த காசுக்கு அல்ல, நாளைக்கு விலை ஏறும் என்ற நம்பிக்கைக்கு வாங்கினார்கள். விலை சரிந்தது. தர வேண்டிய பணத்தைத் தர முடியவில்லை. சுமார் 120 கோடி ரூபாய்ப் பட்டுவாடா நின்றுபோய், நூற்றாண்டைத் தொட இருந்த சந்தையே ஆடிப்போனது. அவர்கள் புதியவர்களா? வேப்பமரத்து வாரிசுகள். தாத்தா காலத்திலிருந்து தேஜி (ஏற்றம்), மந்தி (இறக்கம்) என்று பேசி வளர்ந்தவர்கள். கடன் வாங்கிய பணத்தில் வந்த தைரியம் விலை இறங்கிய அன்றே இறங்கிவிடும். அனுபவம்கூட அப்போது காப்பாற்றாது. டெலகிராம் சேனலை நம்பும் தம்பியை எது காப்பாற்றும்?

2013 ஏப்ரலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். லயன்ஸ் ரேஞ்சில் வர்த்தகம் நின்ற அதே மாதத்தில்தான், மக்களிடம் பணம் திரட்டிவந்த சாரதா நிறுவனமும் கவிழ்ந்தது. வங்காளத்துக் கிராமங்களில் வீட்டு வேலை செய்தவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், காய்கறி விற்றவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் போயிற்று. லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் அவர்களுக்காகக் கேட்கவுமில்லை. உனக்குப் படிப்பு இருக்கிறது. கேட்கக் கற்றுக்கொள்ள ஒரு இடம்தான் இல்லை. அந்த இடத்தை நீயே உண்டாக்கு என்கிறேன்.

இந்த ஊர் பயிற்சியின் மகிமையை அறிந்த ஊர். 1911 ஜூலை 29. மோகன் பகான் கால்பந்து அணி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைப் பட்டாள அணியை 2-1 என்று சாய்த்தது. எதிரணி முழுக்க பூட்ஸ். நம்மவர்களில் ஒருவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் வெறுங்காலில் வந்து நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய கதை. அதே சங்கம் 1906, 1907, 1908 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை வென்றிருந்தது. ஷீல்டைவிடச் சின்னக் கோப்பை. கூட்டம் குறைவு, பெயர் குறைவு. அங்கேதான் பூட்ஸ் மிதியை எப்படித் தவிர்ப்பது, மழை மைதானத்தில் எப்படி நிற்பது என்று கால் கற்றுக்கொண்டது. 1911-இல் உலகம் பார்த்த துணிச்சலுக்கு விதை போட்டது அந்தச் சின்னக் கோப்பை.

உனக்கும் ஒரு சின்னக் கோப்பை வேண்டும். எப்படி நடத்துவது? வா, சொல்கிறேன்.

முதலில் சட்டம். இதில் கண்ணை மூடாதே. கட்டணம் வாங்கிப் பரிசு கொடுக்கும் பங்குச் சந்தைப் போட்டிகளில் சேர வேண்டாம் என்று செபி 2016 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. 2024 மே மாதம், நேரலை விலைகளை இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சந்தைகளுக்கும் தரகர்களுக்கும் உத்தரவு போட்டது. அதே ஆண்டு நவம்பரில், பேப்பர் டிரேடிங், ஃபேன்டஸி விளையாட்டு என்று நடத்தும் தளங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று மறுபடி எச்சரித்தது. 2025 ஜனவரியில், பாடம் நடத்துகிறேன் என்பவர்கள் கடைசி மூன்று மாத விலைகளைக் காட்டிப் பங்குகளின் பெயர் சொல்லக் கூடாது என்றது. இதெல்லாம் உன் வழியை அடைக்கும் கதவு என்று நினைக்காதே. அசல் வழியைக் காட்டும் பலகை. நுழைவுக் கட்டணம் கூடாது. பணப் பரிசு கூடாது. இன்றைய விலை கூடவே கூடாது. ஒரு ரூபாய் பந்தயம் வைத்தாலும் அது சூதாட்டத்தின் வாசல்.

இன்றைய விலை இல்லாமல் என்ன விளையாட்டு என்பாய். இங்கேதான் சூட்சுமம். பழைய சந்தையை ஆடு! நடந்து முடிந்த ஒரு காலத்தை எடுத்துக்கொள். பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் பழைய விலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இருபது நிறுவனங்களைத் தேர்ந்தெடு. பெயர்களை மறைத்து ‘ஆலமரம்’, ‘அரசமரம்’, ‘வேம்பு’ என்று மரப் பெயர் வை. லயன்ஸ் ரேஞ்சின் வேப்பமரத்துக்கு நாம் செலுத்தும் மரியாதையாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் முதல் விலையையும் நூறு ரூபாய் என்று மாற்றி, மற்ற விலைகளை அதே விகிதத்தில் ஏற்றி இறக்கு. தேதியை அழி. அப்போது யாரும் தேடிப் பார்த்து விடை கண்டுபிடிக்க முடியாது. இது எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்பது உனக்கும் இன்னும் ஒருவருக்கும் மட்டும் தெரியும். அந்த இருவரும் ஆடக் கூடாது. நடத்துகிறவனே ஆடினால் அது களம் அல்ல, பொறி.

இருபது நிறுவனங்களை எடுக்கும்போது ஒரு தவறு செய்துவிடாதே. இன்று உயிரோடு இருப்பவற்றை மட்டும் எடுக்காதே. பிழைத்தவர்களை மட்டும் வைத்து ஆடினால் எதை வாங்கினாலும் ஒரு நாள் ஏறும் என்ற பொய்யைத்தான் கற்றுக்கொடுப்பாய். செத்தவர்களையும் கூட்டத்தில் நிறுத்து. ஒரு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இருக்கட்டும். ஒரு கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் இருக்கட்டும்.

ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் காகித ரூபாய். ஒரு மாலைக்கு ஒரு வாரத்து விலை. இரவு ஒன்பது மணிக்குள் வாங்க, விற்க ஆர்டர் வந்துவிட வேண்டும். அதற்குப் பின் வந்தால் செல்லாது. ஒரே நிறுவனத்தில் பணத்தின் கால் பங்குக்கு மேல் போடக் கூடாது. கடன் கிடையாது. ஆப்ஷன்ஸ் கிடையாது. எட்டு போடப் பழகுகிறவன் கையில் லாரியைக் கொடுப்பார்களா?

செலவை எழுதாமல் விட்டுவிடாதே. டெலிவரியில் வாங்கினாலும் விற்றாலும் நூற்றுக்குப் பத்துப் பைசா எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி. வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம். இதோடு ஒரு தரகுத் தொகையையும் நீயே வைத்துக்கொள். ஒவ்வொரு மாலையும் வாங்கி விற்கும் துறுதுறுப்பான தம்பி, மூன்று மாதம் கழித்துக் கணக்கைப் பார்க்கும்போது ஏன் நிற்கும் இடத்திலேயே நிற்கிறான் என்பது அவனுக்கே விளங்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிகள் சொன்னது எதற்கு என்று அன்றைக்குப் புரியும்.

போனஸ், பங்குப் பிரிப்பு வரும் இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும். சௌரங்கியில் வர்ஜீனியா ஹவுஸ் கட்டடத்தில் இருக்கும் ஐ.டி.சி., 1910-இல் இந்த ஊரில் பிறந்த நிறுவனம். தன் நூற்றாண்டை ஒட்டி 2010-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. போனஸ் உரிமை விலகும் நாளில் விலை ஏறக்குறையப் பாதியாகக் காட்டும். கையில் இருக்கும் பங்கு இரட்டிப்பாகும். உன் கணக்குத் தாள் விலையை மட்டும் பார்த்து இவன் பாதிச் சொத்தை இழந்தான் என்று சொன்னால் விளையாட்டு அன்றோடு கெட்டுவிடும். 2025 ஜனவரியில் அதே நிறுவனம் ஹோட்டல் தொழிலைத் தனியாகப் பிரித்து, பத்துப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் பங்கு ஒன்று கொடுத்தது. இப்படிப்பட்ட நாட்களைத் தேடித் தேடிக் கணக்கில் திருத்துவதற்குள், சந்தை எப்படி நடக்கிறது என்று ஆடுகிறவர்களைவிட நடத்துகிற நீ அதிகம் தெரிந்துகொண்டிருப்பாய். அதனால்தான் போய் ஒரு விளையாட்டில் சேர் என்று சொல்லாமல், ஒன்றைக் கட்டு என்று சொல்கிறேன்!

இனி உயிரான விதி. ஒவ்வொரு ஆர்டரோடும் ஒரு காரணம் எழுத வேண்டும். ஒரே ஒரு வரி போதும். ‘மூன்று வாரமாக ஏறுகிறது, அதனால் வாங்குகிறேன்’ என்று எழுதினாலும் சரி. ‘பயமாக இருக்கிறது, விற்கிறேன்’ என்றாலும் சரி. உண்மையாக இருக்க வேண்டும். காரணம் இல்லாத ஆர்டர் ஏற்கப்படாது. மாதக் கடைசியில் எல்லாரும் கூடி உட்கார்ந்து, தங்கள் காரணங்களைத் தாங்களே வாய்விட்டு வாசிக்க வேண்டும். இந்த ஊரின் உயிர்நாடி ‘அட்டா’ என்னும் அரட்டை அல்லவா? தெருத் திண்ணையில் உட்கார்ந்து மாரடோனாவுக்கும் பெலேவுக்கும் மணிக்கணக்காக வாதாடும் ஊர். அந்த வாதத்தின் சூட்டை உன் காரண நோட்டுக்குக் கொடு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, “நீ ஏன் அன்னிக்கு வேம்பை வித்தே?” என்று கேட்கட்டும். பதில் சொல்ல முடியாமல் ஒருவன் திணறும் அந்த அரை நிமிடம் ஆயிரம் வீடியோ பார்த்தாலும் கிடைக்காது.

காகிதப் பணம் வலிக்காதே, வலிக்காமல் எப்படிப் பாடம் வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சொந்தப் பணம் போகும்போது வயிற்றைப் பிசையும் பிசைவு காகிதத்தில் வராது. ஆனால் பத்தொன்பது பேர் முன்னால் தன் கையெழுத்தில் இருக்கும் முட்டாள்தனத்தைத் தானே வாசிக்கும்போது முகம் சிவக்கும் பார், அது நிஜ வலி. வீட்டு வாடகையை விழுங்காத வலி. அம்மாவின் வளையலை அடகுக் கடைக்கு அனுப்பாத வலி. சிலம்பம் பழகும் பையன் முதல் நாளே எதிரியோடு மோதுவதில்லை. காற்றோடு கம்பு சுற்றுகிறான். தன் கம்பு தன் முழங்காலில் படும்போதுதான் பிடி சரியாகிறது.

வெற்றியை எப்படி அளப்பது? இங்கே பெரும்பாலான விளையாட்டுகள் சறுக்குகின்றன. அதிக லாபம் எடுத்தவனுக்கே மாலை என்றால் எல்லாரும் குருட்டடி அடிப்பார்கள். காகிதப் பணம்தானே, போனால் என்ன என்று மொத்தத்தையும் ஒன்றிரண்டில் கொட்டுவார்கள். இருபது பேரில் ஒருவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்கும். அவன் தன்னை மேதை என்று நம்பி மறுநாளே நிஜப் பணத்தோடு இறங்குவான். அந்த ஒருவனை நீயே குழியில் தள்ளியவன் ஆவாய். ஆகவே லாபத்தோடு இன்னொன்றையும் அள. உச்சியிலிருந்து அவன் கணக்கு அதிகபட்சம் எவ்வளவு கீழே விழுந்தது? விழுந்தபோது எழுதிய காரணம் என்ன?

இன்னொரு ஆட்டக்காரரையும் களத்தில் இறக்கு. அவர் பெயர் ‘சும்மா இருந்தவர்’. முதல் நாள் இருபது பங்கையும் சமமாக வாங்குவார். அவ்வளவுதான். கடைசி நாள்வரை விற்க மாட்டார், மாற்ற மாட்டார், காரணம் எழுத மாட்டார். ஆட்டம் முடியும்போது அவரைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொல். இருபது துடிப்பான மூளைகள் ஒரு சும்மா இருந்தவரை வெல்ல எவ்வளவு பாடுபட வேண்டும் என்று கண்ணால் கண்டவனை அதற்குப் பின் எந்த டெலகிராம் சேனலும் அசைக்க முடியாது.

எந்தக் காலத்தை ஆடுவது என்று கேட்டால் 2008 ஜனவரி முதல் 2009 மே வரை என்பேன். ஏன் தெரியுமா? 2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873-இல் முடிந்தது. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். உன் ஆட்டக்காரர்களும் முதல் வாரம் குதூகலமாக வாங்குவார்கள். பிறகு சரிவு தொடங்கும். ஒரு வாரம் இறங்கும், ஒரு வாரம் ஏறி ஆசை காட்டும், மறுபடி இறங்கும். தேதி தெரியாததால் இது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 2008-இல் நிஜமாக வாழ்ந்தவர்களுக்கும் அப்படித்தான் தெரியாமல் இருந்தது.

நடுவில் 2009 ஜனவரி 7 வரும். நாலு மாதம் முன்னால்தான் சிறந்த நிர்வாகத்துக்கான தங்கமயில் விருதை வாங்கியிருந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கையே பொய்யாக எழுதியதாகக் கடிதம் கொடுத்த நாள். பங்கு ஒரே நாளில் 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு விழுந்தது. உன் விளையாட்டில் அதன் பெயர் ‘புங்கமரம்’ என்று வைத்துக்கொள்வோம். சரிவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று புங்கமரத்தில் கால் பங்கைப் போட்டிருக்கும் தங்கை அன்றைக்கு என்ன செய்வாள்? காரண நோட்டில் அவள் என்ன எழுதியிருந்தாள்? ‘நல்ல கம்பெனி போலத் தெரிகிறது’ என்றா? கால் பங்குக்கு மேல் போடாதே என்ற விதியை முதல் நாள் எல்லாரும் சேர்ந்து எதிர்த்திருப்பார்கள். அன்றைக்கு அவளே எழுந்து நின்று அந்த விதிக்காக வாதாடுவாள்.

அதையும் தாண்டி 2009 மார்ச் 9. சென்செக்ஸ் 8,160. களைத்துப் போயிருப்பார்கள். பாதிப் பேர் இதுக்கு மேல முடியாது என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் காசாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த பத்து வாரத்தில் மே 18 வரும். தேர்தல் முடிவு வந்த அடுத்த திங்கட்கிழமை. சந்தை திறந்த சில நொடிகளில் மேல்வரம்பைத் தொட்டு வர்த்தகமே நின்றது. அன்றைக்கு சென்செக்ஸ் 17 சதவீதம் ஏறி 14,284-இல் முடிந்தது. வாங்க நினைத்தவன் வாங்க முடியாமல் வேடிக்கை பார்த்த நாள். மார்ச்சில் பயந்து விற்றவர்களின் நோட்டை அந்த மாலை வாசிக்கச் சொல். யாரையும் கேலி செய்ய விடாதே. அது புனிதமான நேரம். தன் பயத்தைத் தன் கண்ணால் எழுத்தில் பார்க்கும் வாய்ப்பு வாழ்க்கையில் பலருக்குக் கிடைப்பதில்லை.

எனக்குப் பங்குச் சந்தையே தெரியாதே, நான் எப்படி நடத்துவது என்று பின்வாங்குகிறாயா? 1892-இல் மத்திய கல்கத்தாவில் ஒரு சின்ன வீட்டில் 295 ரூபாய் முதலில் பிஸ்கட் சுடத் தொடங்கினார்கள். அதுதான் பிரிட்டானியா. அன்றைக்கு அவர்களுக்கும் ஒரு பிஸ்கட் கம்பெனியை எப்படி நடத்துவது என்று தெரிந்திருக்காது. உனக்கு 295 ரூபாய்கூட வேண்டாம். ஒரு எக்செல் தாள், இருபது பேர், ஒரு நோட்டு. தெரியாததை நடத்தி நடத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பவ்காப்பி என்றால் என்ன என்று தேடுவாய்; தினசரி விலைகளின் மொத்தப் பட்டியல் அது என்று புரியும். அந்தப் பழைய பட்டியல்களில் முடிவு விலை என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை அல்ல, கடைசி அரை மணி நேரத்து வியாபாரத்தின் சராசரி என்று கண்டுபிடிப்பாய். இன்று வாங்கிய பங்கு மறுநாளே கணக்கில் சேர்ந்துவிடும் வேகம் 2023 ஜனவரியில்தான் முழுமையாக வந்தது, முன்பெல்லாம் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள் என்று படிப்பாய். ஆறு மாதத்தில் உன் வட்டத்தில் சந்தேகம் வந்தால் உன்னிடம்தான் வருவார்கள்.

பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள். பங்குச் சந்தையா, குடும்பத்துப் பிள்ளைகள் செய்யும் வேலையா என்பார்கள். அவர்கள் மேல் கோபப்படாதே. அவர்கள் பார்த்த சந்தை அப்படி. இதே கல்கத்தாவின் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் எல்.ஐ.சி. ஒன்றேகால் கோடி ரூபாயை 1957-இல் போட்டது. நாடாளுமன்றமே கொதித்தது. சக்ளா கமிஷன் விசாரித்தது. நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958-இல் பதவி விலக நேர்ந்தது. அந்தக் கசப்பு வீட்டுக்கு வீடு இறங்கியிருக்கிறது. அவர்களிடம் வாதம் செய்யாமல் மாதக் கூட்டத்துக்குக் கூப்பிடு. காரண நோட்டு வாசிக்கும்போது ஓரமாக உட்காரட்டும். பேங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் நிச்சயம் உன் சங்கத்தில் இருப்பார். அவரைத் தணிக்கையாளர் ஆக்கு. கணக்குத் தாளில் அவர் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டால், அதைத் திருத்தாமல் அடுத்த வாரத்து விலை வரக் கூடாது.

எத்தனை ஆட்டம் ஆடினால் நிஜச் சந்தைக்குப் போகலாம் என்ற கேள்வியும் வரும். குறைந்தது மூன்று என்பேன். மூன்று வெவ்வேறு காலங்கள். சரிவு ஒன்று, ஏற்றம் ஒன்று, எங்கும் போகாமல் நொண்டியடித்த காலம் ஒன்று. நொண்டியடிக்கும் காலத்தில்தான் மனிதனின் பொறுமை தெரியும். சரிவுக்கு 2008 வேண்டாம் என்றால் 2020 இருக்கிறது: மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,934 புள்ளி விழுந்து 25,981-இல் முடிந்தது. மூன்று ஆட்டத்திலும் உன் நோட்டை நீயே வாசித்துவிட்டு, அதன்பிறகும் கை அரித்தால், இழந்தாலும் தூக்கம் கெடாத சின்னத் தொகையோடு போ. அதுவரை உன் சம்பளம் வங்கியிலேயே தூங்கட்டும். அதற்கு ஒரு கேடும் வராது.

லேக் மார்க்கெட் டிபன் கடைத் தம்பியை அடுத்த ஞாயிறு நான் மறுபடி தேடப் போகிறேன். அந்த ஐம்பதாயிரம் என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டேன். கையில் ஒரு நூறு பக்க நோட்டும் இருபது மரங்களின் முதல் வாரத்து விலைத் தாளும் இருக்கும். எல்லா மரமும் நூறு ரூபாய். அவன் எதிரில் உட்கார்ந்து, இட்லி வருவதற்குள் முதல் ஆர்டரை எழுதச் சொல்வேன். காரணத்தோடு.